எல்லை போகும் வழி

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் கிராமத்தின் எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு எல்லைக்கல்லையும் வில்லோ மரக்குச்சியால் அடிப்போம். வரைபடம் இல்லாத காலத்தில் எல்லை மறந்துபோகாமல் இருக்க வந்த வழக்கம். முன்னால் நடப்பவள் கசாப்புக்கடை வின்னிஃப்ரெட். அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை.

போன வருஷம், லண்டனிலிருந்து குடிவந்த பிரிடோ ஒரு எல்லைக்கல்லையும் உள்ளே சேர்த்துச் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார். "சுத்திப் போயிடலாம், மழை வேற" என்றேன். வின்னிஃப்ரெட் என்னை முறைத்துவிட்டு ஜன்னலில் கால் வைத்து ஏறினாள்.

முட்டை பொரித்துக்கொண்டிருந்த பிரிடோ பதறிப்போனார். "ஏம்மா, கதவுன்னு ஒண்ணு இருக்கே!"

"எல்லை கதவு வழியா போகலையே, சார்."

அவள் மேசைக்கு அடியில் குனிந்து கல்லைச் சாத்து சாத்தென்று சாத்திவிட்டு, எதிர் ஜன்னல் வழியே வெளியேறினாள். சேற்றுக் காலோடு நாங்கள் அத்தனை பேரும் பின்னால் போனோம். பிரிடோ கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றார். இந்த மனுஷன் ஜன்னலையே அடைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே கல்லில் படி கட்டி வைத்திருந்தார். வின்னிஃப்ரெட் மகாராணி மாதிரி ஏறிப் போனாள். எனக்கு முழங்கால் வலி. நைசாகக் கதவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து பிரிடோ கத்தினார்: "யோவ், எல்லை அந்தப் பக்கமாவா போகுது? ஜன்னலுக்குப் போய்யா!"