பசுவின் பின்னங்கால்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த விடுதிப் பள்ளிக்கு ஐயாதுரை அன்று வந்ததே மகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவர். மகள் சத்யப்பிரியாவை டாக்டராக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னம்மா படிச்சே?" என்று கேட்டால், "குழாய்க்கு வாஷர் மாத்துனேம்ப்பா" என்பாள். இன்னொரு வாரம் கத்திரிக்காய் நட்டேன் என்பாள். கடைசியாக, "நாடகம் போடப் போறோம், நான்தான் டைரக்டர்" என்றதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

தலைமையாசிரியை பரிபூரணம் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"மார்க்கு மட்டும் படிப்பில்ல அண்ணாச்சி. நாங்க முழுக் குழந்தைக்கும் கல்வி கொடுக்கோம்."

"அப்ப நான் பாதிப் பிள்ளையவா கொண்டாந்து விட்டேன்? டி.சி.யக் குடுங்க டீச்சர்."

"தாரேன். இன்னைக்குப் பெற்றோர் தினம். சாயந்தரம் நாடகம் முடியட்டும்."

அந்த நேரம் பார்த்து சத்யப்பிரியா ஓடிவந்தாள். நாடகத்தில் பசுமாடாக நடிக்க இருந்த பையன்கள் இரண்டு பேருக்கும் பொன்னுக்குவீங்கி. வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. துணியில் தைத்த மாட்டுக்குள் நுழைய ஒரே உயரத்தில் இரண்டு பேர் வேண்டும். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பின்னங்கால்."

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத!"

"வசனம் ஒண்ணுமில்லப்பா. நடந்தாப் போதும்."

மகளின் கண்ணில் தண்ணீர் முட்டி நிற்பதைப் பார்த்ததும் ஐயாதுரை அடங்கிப்போனார். முன்னங்கால் யார் என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு.

மேடைக்குப் பின்னால் மாட்டுத்தலையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் விஜயபாண்டி. அவருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைதான். அதுவும் ஐயாதுரை கடைக்கு நேர் எதிரே. இவர் 'ஒரிஜினல்' என்று போர்டு வைத்தால், அவர் 'அசல் ஒரிஜினல்' என்று வைப்பார். முகங்கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அவர் மகன் விமல், சத்யப்பிரியாவின் வகுப்பு.

"இவனுக்குப் பின்னாடி நான் குனிஞ்சு நடக்கணுமா? நடக்காது," என்றார் ஐயாதுரை.

விஜயபாண்டி அவரைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற மகனிடம் சொன்னார்: "மாட்டுக்குத் தலை முக்கியம்லா? ஆளப் பாத்துத்தான் குடுத்திருக்காக."

"பேசக் கூடாது!" என்று சத்யப்பிரியா கைதட்டினாள். "ரெண்டு பேரும் இடது கால எடுத்து வைங்க."

கடையில் ஆட்களை அதட்டியே பழகிய ஐயாதுரை, மகளின் அதட்டலுக்கு மறுபேச்சில்லாமல் இடது காலை எடுத்து வைத்தார்.

சாயந்தரம் அரங்கு நிறைந்திருந்தது. மாட்டுக்குள் ஒரே புழுக்கம். விஜயபாண்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐயாதுரை நடந்தார். மாடு தடுமாறாமல் வந்து நின்றது. பால் கறக்க வந்த சிறுமி கூட்டத்தைப் பார்த்து, "இந்தப் பால்ல என்ன செய்யலாம்?" என்று கேட்டாள்.

"பால்கோவா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

விஜயபாண்டிக்கு வாய் நிற்கவில்லை. மாட்டுத்தலை பேசியது: "நல்ல பால்கோவான்னா நம்ம கடைக்கு வாங்க!"

"பொய்யி! அங்க அம்புட்டும் சீனி!" என்றது மாட்டின் பின்பக்கம்.

தலை கோபத்தோடு ஒரு பக்கம் திரும்ப, பின்பக்கம் மறுபக்கம் இழுக்க, பர்ரென்று தையல் விட்டு மாடு இரண்டாகப் போனது. சிரிப்பில் அரங்கமே அதிர்ந்தது. பால் கறக்க வந்தவள் செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஐயாதுரை திரையோரம் பார்த்தார். சத்யப்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, கிழிந்த துணிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "ம்மா!" என்று கன்றுக்குட்டி போலக் கத்தினார். மாட்டுத்தலை திரும்பி, "ம்மாஆ!" என்று பதில் கொடுத்தது. தலையில்லாத கன்று துள்ளிக்கொண்டு தாயிடம் ஓடியது. தாய் அதை நக்குவதுபோல் தலையை ஆட்டியது. கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

முடிந்ததும் சத்யப்பிரியா வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பயந்தீங்களாப்பா?"

"காலு நடுங்கிருச்சு தாயீ."

"இங்க வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஐயாதுரை அதைக் கேட்டதில்லை. பரிபூரணம் டி.சி.யும் பேனாவுமாக வந்தபோது, "அவ இங்கயே இருக்கட்டும் டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

வாசலில் விஜயபாண்டி காரை நிறுத்தி, "ஊருக்குத்தானே? ஏறும்யா," என்றார். ஐயாதுரை ஏறிக்கொண்டார். வழிநெடுகச் சண்டைதான்.

"கைதட்டு அம்புட்டும் தலைக்குத்தான்யா விழுந்துச்சு."

"தலை வச்சு நடிக்க யாராலயும் முடியும். தலையே இல்லாம நடிச்சவன் நான்!"