ஆபீஸ் குரல்

சந்திரமோகனின் ஸ்கூட்டர் நிற்பதற்குள் விஜயகுமாரி குதித்து இறங்கி, அல்வால் வீட்டின் முன்னறைக்குள் ஓடினாள். அப்பாவோடு பாலாநகர் ஃபேக்டரி கேன்டீனில் வேலை செய்கிறவர் அவர். பேகம்பேட்டையில் இருக்கும் அவள் ஆபீசுக்கே வந்து சொல்லி அழைத்து வந்திருந்தார். அதற்கு முன் அவளுக்கு எதுவுமே தெரியாது.

அப்பா நாராயணசாமியை வேட்டி மாற்றிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அம்மா அம்மணி, துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயைப் பார்க்கப் பக்கத்து வீட்டு லூர்துமேரி கூப்பிட்டாளாம். போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு சோபாவிலேயே சாய்ந்துவிட்டாராம். டாக்டருக்கு ஆள் போயிருந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்ததாம்.

"என் பொண்ணு பேசறத கேட்டுட்டுத்தான் போனாரு," என்றாள் அம்மணி.

விஜயகுமாரிக்கு அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

"நாலு தபா போட்டேன். நாலு தபாவும் இதுதான் எடுத்துச்சி. ஒரே இங்கிலீஷு. மொதலாளி பக்கத்துல இருந்திருப்பாரு, தமிழ்ல எப்டி பேசும்? நான் பாட்டுக்கு சொன்னேன், அது பாட்டுக்கு பேசிச்சி. கடசில தேங்க்யூன்னிச்சி. சரி, வருதுன்னு புரிஞ்சிகினேன். மறுபடி போட்டு அவரு காதுல வெச்சேன். கண்ண மூடிகினு கேட்டாரு."

கொடுத்துவைத்த மனிதர் என்றாள் ஒருத்தி.

போன மாதம்தான் ஆபீசில் புதுப் போனை மாட்டினார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் ஆபீஸ்; எந்த மாடல் என்று நீயே பார்த்து முடிவுசெய் என்று முதலாளி விட்டுவிட்டார். மலிவானதில், பழையதைப் போலவே, எல்லா அழைப்பும் முதலில் ரிசப்ஷனில் சுஷ்மாவிடம் வரும். சுஷ்மா ரிசீவரைத் தூக்கிப் பிடித்து, "விஜயா, மீ அம்மா, அரவம்லோ அருஸ்தோந்தி," என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி தெலுங்கில் கூவுவாள். உன் அம்மா தமிழில் கத்துகிறாள். ரிசீவருக்குள்ளிருந்து அம்மணி கத்துவதும் கேட்கும். பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். வம்சத்திலேயே முதல் டிகிரி வாங்கியவள் காது மடல் எரிய எழுந்து போவாள்.

அதனால் மெஷினே எடுத்துப் பேசும் மாடலைத் தேர்ந்தாள். ஆபீஸ் பெயர் சொல்லி வரவேற்று, வேண்டியவரின் நம்பரை அழுத்தச் சொல்லி, நன்றி சொல்லும். அமீர்பேட்டையில் காசு கட்டிப் பழகிய இங்கிலீஷில், அதற்குக் குரல் கொடுத்தவளும் அவள்தான்.

மாட்ட வந்தவன் கடைசியாக ஒன்று கேட்டான். எதையுமே அழுத்தாமல் இருப்பவர்களின் அழைப்பை ரிசப்ஷனுக்கு அனுப்பிவிடலாமா, எல்லா ஆபீசிலும் அப்படித்தான் என்றான். எதையுமே அழுத்தாத ஆள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம். கட் ஆகட்டும்," என்றாள்.

அன்றைக்கு வீட்டில் தட்டிலிருந்து தலை தூக்காமல், இனிமேல் போன் செய்தால் ஒன்றும் நாலும் அழுத்து என்று சொன்னாள். அம்மா மண்டையை ஆட்டினாள். புரிந்ததா என்று இவள் கேட்கவில்லை.

"நெஜமாவே புள்ளகிட்ட பேசினாரா?" என்று வந்தவர்களில் ஒருத்தி லூர்துமேரியைக் கேட்டாள். லூர்துமேரி கதவோரம் நின்றிருந்தாள். அவள் வீட்டுப் போன்; அவளும் காதில் வைத்துப் பார்த்திருப்பாள். விஜயகுமாரியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"ஹவ், ஆமா. விஜி கொரலுதான்," என்றுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அம்மணி மகளின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்பாகிட்ட என்னா சொன்ன கண்ணு? எனக்குத்தான் ஒரு எழவும் புரியல."

அறையே அவள் வாயைப் பார்த்தது. மெஷின் என்ற சொல் பல்வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லை விட்டால் அம்மாவிடம் மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்றும் போய்விடும். விடாவிட்டால் காரியம் வரைக்கும், அதற்குப் பிறகும், வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா இதையே சொல்வாள். கொடுத்துவைத்த மகள் என்பார்கள்.

"வந்துகினே இருக்கேன்னு சொன்னேம்மா."

"கேட்டீங்களா?" என்றாள் அம்மணி, யாரிடம் என்றில்லாமல். பிறகு கொஞ்சம் நகர்ந்து, தலைமாட்டில் மகளுக்கு இடம் விட்டாள்.

விஜயகுமாரி அங்கே உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள். அப்பாவின் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள்.