அம்சவல்லி துலக்கிய தகடு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகத்தின் மேல் லேசரால் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் கீறினால் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும் என்று எங்கோ படித்தேன். அன்று மாலை செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் உழைப்பு பாழாக இவ்வளவு போதுமே என்று தோன்றியது. நல்லதாக எதுவும் எனக்குத் தோன்றுவதில்லை.

2

'ஜவ்வாது மலையில் மேகங்கள் தவழ்ந்து' – வேண்டாம். மேகங்களைத் தவழவிட்டது போதும்.

நெல்லிவாசல்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கிய ரம்யா, தூரத்திலிருந்தே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். தகடு இல்லை.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

ரம்யா வேலூரில் ஆராய்ச்சி மாணவி. லேசர் கீறியதில் கறுத்துப்போன, உள்ளங்கை அகலச் செப்புத் தகடு ஒன்றை மழைக்காலம் முழுக்க அந்தக் கூரையில் கட்டிவைத்திருந்தாள்.* ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் ஒட்டாத தகடுகள் எத்தனையோ உண்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்து குணம் மாறாததுதான் வேண்டும். போன மாதம் வந்தபோதுகூடத் துளிகள் முத்து முத்தாக உருண்டன. அதைத் தேர்வாளர்கள் முன் காட்டினால் பட்டம். காட்டாவிட்டால் ஒன்றுமில்லை. உதவித்தொகை நின்றுவிட்டது, இரவல் வாங்கிய லேசர் இயந்திரமும் திரும்பிப் போய்விட்டது.

* ஊரார் அதை மந்திரத் தகடு என்றே நினைத்தார்கள். எந்தச் சாமியார் கொடுத்தது என்று கேட்டவர்களிடம் ரம்யாவின் அம்மா அம்சவல்லி, "எம் பொண்ணு குட்த்தது" என்பாள்.

3

அம்சவல்லியிடம்தான் நான் தடுமாறுகிறேன். முதலில் அவளை விவரம் தெரியாதவளாக எழுதினேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். தொடக் கூடாது என்று மகள் சொன்ன ஒரே பேச்சுக்காக, மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் விரல்கூட நீட்டாதவள் அவள்.

பிறகு ஏன் தொட்டாள்? நேற்று ரம்யாவே போனில் சொன்னாள்: "எல்லாம் முடிஞ்சுடுச்சும்மா. நாளைக்கு வந்து எட்த்துனு போறேன்."

முடிந்துவிட்டதென்றால் தொடலாம்தானே?

(இந்த இடத்தோடு கதையைக் கைவிடப் பார்த்தேன். முடியவில்லை.)

4

"வா கண்ணு. இன்னா, கூரையவே பாத்துனு வர்ற? உன் தகடு உள்ள கீது."

முந்தானையில் பொதிந்து எடுத்துவந்தாள். தகடு புதுக் குடம்போல மின்னியது.

"கரி புடிச்சாப்ல கெடந்துச்சு. நம்ம மரத்துப் புளியப் போட்டு, தேங்கா நார்ல நல்லா தேச்சேன். கையே நோவுது போ. ஆபீசருங்க முன்னாடி அப்டியே கருப்பாவா நீட்டுவ?"

ரம்யா சொம்பிலிருந்து ஒரு துளி விட்டாள். அது உருளவில்லை. மெல்லப் பரவி அங்கேயே ஒட்டிக்கொண்டது. போன மழையை இனி யாரிடம் போய்க் கேட்பாள்?

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவ்வளவு தேய்த்தும் தகட்டின் குணம் போகவில்லை, எல்லாரும் அசந்துபோகிறார்கள். பொய். புளி செப்பின் கறுப்பை விட்டுவைக்காது, நானே துலக்கியிருக்கிறேன்.

ரம்யா கத்திவிடுகிறாள். அதன்பிறகு அம்சவல்லி எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் – இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"சூப்பரா கீதும்மா" என்று சொல்லிவிட்டு, தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை இறங்குகிறாள். இதைத்தான் வெகுநாள் வைத்திருந்தேன். ஆனால் என்றாவது அவள் இன்னொரு தகட்டைக் கொண்டுவந்து கட்டினால், அம்மா அதையும் ஆசையாகத் துலக்கிவைப்பாள்.

என்னால் ஆகவில்லை. ரம்யா இன்னும் வாய் திறக்கவில்லை. பதிலை நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அம்சவல்லி நாரை மறுபடி கையில் எடுத்துவிட்டாள்.

"இன்னாம்மா, பேசாம நிக்கிற? பத்தலியா? இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டா?"