இந்திரகுமார் நின்ற பக்கம்

1975 முதல் மூன்று பருவங்கள், பிளாக்டவுனில் ஒரு சிறு உதைபந்தாட்டக் கழகத்தின் வலப்பக்கப் பின்காவலர் இந்திரகுமாரின் முன்னால் பந்தோடு வந்த எல்லோரும், எதற்காக வந்தோம் என்பதை மறந்து நின்றார்கள். ஒருவன் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். இன்னொருவன் பந்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பென்டில் ஹில்லுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டான். இந்திரகுமார் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்ததில்லை. எதிராளி உதைக்கும் முன்பே இரண்டடி நகர்ந்து நிற்பார், அவ்வளவுதான். அவருடைய காற்சட்டையில் சேறு படாததால் பத்திரிகையிலும் பெயர் வரவில்லை. வேலை செய்யாத ஆளென்று பயிற்சியாளர் ஒரு சனிக்கிழமை அவரை வெளியே உட்காரவைத்தார். அன்று அந்தப் பக்கத்தால் ஐந்து கோல் போனது. மைதானம் ஈரம் என்று பேசிக்கொண்டார்கள். மனைவி சந்திரகலா மட்டும் பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களைப் பார்ப்பார்.

1977 ஓகஸ்டில், அவர்கள் விட்டு வந்த நாட்டில், அனுராதபுரத்தில் தமிழர் வீடுகள் எரிவதாக வானொலி சொன்னது. சந்திரகலாவின் தம்பி பாஸ்கர் அங்கே ஆசிரியர். இந்திரகுமார் லீவு போட்டுவிட்டு, செய்திக்காகக் காலை முதல் வீட்டு வாசல் படலையடியில் நின்றார். பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் தந்திக்காரர் வந்து, அவரைக் கண்டதும் கையிலிருந்த உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைச் சந்திரகலா சன்னலால் கண்டார். தந்திக்காரர் இப்படி மூன்றாம் தரம் வந்து போகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் விலகி நில்லுங்கோ."

"நான் ஒண்டும் செய்யேல்லையே. சும்மாதானே நிக்கிறன்."

"ஓம். நீங்கள் நிண்டால் ஒண்டும் வராது. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியவேணும்."

செய்தி வராதவரை பாஸ்கர் உயிரோடுதான் இருக்கிறான் என்று இந்திரகுமார் மெல்லச் சொன்னார். நெடுநேரம் கழித்து அவர் கராஜுக்குப் பின்னால் போய், வேலியைப் பார்த்தபடி நின்றார். தந்தி வீட்டுக்குள் வந்தது. அவரைத் தாண்டி ஒன்று போனது அதுதான் முதல் தடவை. பாஸ்கர் உயிரோடு இல்லை. அவன் மனைவியும் மகளும் அகதி முகாமில் இருந்தார்கள்.

மறுநாளே சந்திரகலா அவர்களைத் தங்களிடம் அழைப்பதற்கு விண்ணப்பம் எழுதினார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. தபால்காரர் தெரு முனையில் விசிலடித்து, இந்திரகுமார் கராஜுக்குப் பின்னால் போகும்வரை காத்து நின்றுவிட்டு, பிறகு வருவார்.