நடுவில் நிற்காத மெஷின்

சி.பி.யூவைப் பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போன பொம்பளை, பாளையம்பட்டியில் அஸ்மா ஒருத்தியாகத்தான் இருக்கும். பக்கத்து சீட்டு அம்மா மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "என்ன தாயி, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டாள். அஸ்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். லாரி ஓட்டுகிற கம்ப்யூட்டர் என்று உண்மையைச் சொன்னால் அருப்புக்கோட்டை வந்து சேரும் வரைக்கும் விளக்கம் சொல்லி மாளாது.

லாரி ஓட்டுவது நிஜம், ஆனால் திரைக்குள்ளே. அவள் புருஷன் முஸாஃபர் கத்தாரில் ஒரு கம்பெனி குடோனில் வேலை பார்க்கிறான். நிக்காஹ் முடிந்த ஐந்தாம் மாதம் போனவன். போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. போவதற்கு முன்னால் அவன் செய்த ஒரே ஆடம்பரம் இந்தக் கம்ப்யூட்டர். கிளம்புகிற வாரம், யாரோ விற்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அதற்குள் மாட்டி, லாரி விளையாட்டை ஏற்றி, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஜும்மா தொழுதுவிட்டு ரூமுக்கு வந்து, போன் நெட்டை இணைத்து அவன் லேப்டாப்பைத் திறக்கும்போது இங்கே மணி நாலு இருக்கும். ஆளுக்கொரு லாரி, முன்னால் அவன், பின்னால் இவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த நாட்டிலோ இருக்கிற ரோட்டில் மர லோடும் சிமெண்டு லோடும் ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போவார்கள்.

"போன்ல பேசுனா ஆகாதா, புள்ள? ரெண்டு பேருக்கும் என்ன லாரிப் பைத்தியம்?" என்று மாமியார் மும்தாஜ் பேகம் கேட்காத வாரம் இல்லை. ஆகாதுதான். அவன் ரூமில் ஆறு பேர். ஆறு பேர் நடுவில் எந்த ஆம்பளை பெண்டாட்டியிடம் மனம்விட்டுப் பேசுவான்? கேம் ஆடுகிறவன் பேச்சை மட்டும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "பிரேக் பிடி, வளைவு வருது" என்பதற்கு நடுவில் "மெலிஞ்சுட்டியாமே, உம்மா சொன்னாக" என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்காக அஸ்மா வியாழக்கிழமையே தலைக்கு ஊற்றிக்கொள்வாள். அவன் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும்தான்.

சிக்கல் தொடங்கியது போன மாதம். முஸாஃபரோடு அதே ரூமில் இருக்கும் தமீம் அன்சாரி லீவில் ஊர் வந்தான். பாலவனத்தத்துக்காரன். முஸாஃபர் கொடுத்தனுப்பிய பார்சலைக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டே, "முஸாஃபரு ஏன் இப்படிப் பண்றான்னு எனக்கும் வெளங்கல, மதினி. எங்க எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் லீவு டிக்கெட் போட்டாக. இவன் மட்டும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான்" என்றான்.

அஸ்மாவிடம் முஸாஃபர் சொல்லியிருந்தது வேறு. கம்பெனியில் லீவு தரவில்லை, ஆள் பற்றாக்குறை, அடுத்த வருஷம் பார்க்கலாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து தமீம் அன்சாரி டம்ளரைக் கீழே வைத்தான். "உங்ககிட்ட சொல்லியிருப்பான்னுல்ல நெனச்சேன்" என்று முணுமுணுத்துவிட்டு, மீதி டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள். நகரத்துக்குள் நுழைகிற பெரிய பாலம், கொட்டுகிற மழை, முன்னால் அவன் லாரியின் சிவப்பு விளக்கு. "மச்சான், லீவு டிக்கெட்ட நீங்கதான் வேணாம்னு சொன்னீகளா?" என்று கேட்டு முடித்ததும் திரை கறுத்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டியூப்லைட் எரிந்தது. மெஷின் மட்டும் செத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் போனில் அவனுடைய மெசேஜ் வந்தது. "மெஷினு போயிருச்சா? சரி, ரெஸ்ட் எடு."

முன்பும் எப்போதாவது அது அப்படி நின்றதுண்டு. அவனிடம் சொன்னால், "அங்க கரண்டு சரியில்ல அஸ்மா. இங்க நான் வந்த நாள்ல இருந்து ஒரு தடவ கரண்டு போனதில்ல. ரெண்டு ஜெனரேட்டரு நிக்கிது கேம்ப்ல" என்று பெருமை பேசுவான். ஆனால் இந்தத் தடவை நின்றது அவளைப் பாடாய்ப் படுத்தியது. அவன் காதில் அந்தக் கேள்வி விழுந்ததா, இல்லையா? விழுந்திருந்தால் பதில் சொல்லாமல் ரெஸ்ட் எடு என்பானா? விழுந்திருக்காது என்று காலையில் நம்புவாள். சோறு வடிக்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வாயைத் திறக்கும் முன்பே மெஷின் நின்றது. அதற்கடுத்த வாரமும் அதே பாலம், அதே மழை, அதே கதி.

மெசேஜில் எழுதிக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எழுதிக் கேட்டால் எழுதித்தான் பதில் வரும். யோசித்து, அழித்து, திருத்தி ஒருத்தன் எழுதுகிற பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? அவளுக்கு அவன் குரல் வேண்டும். கேட்ட மறுகணம் அந்தக் குரல் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும்.

மெஷினுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையை மாற்றினால் கேம் பறக்கும் என்று யாரோ ஒருவன் வீடியோவில் சொன்னதைப் பார்த்துத்தான் மூட்டையைக் கட்டினாள். மெஷின் நிற்காது என்பதோடு படமும் திக்காமல் ஓடும், வளைவுகளில் பின்தங்காமல் அவன் லாரியை ஒட்டியே போகலாம் என்று ஓர் ஆசை.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் மாரிச்செல்வம் மூட்டையைப் பிரித்து, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதினான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுத்துச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓட்டினான். திரையின் மூலையில் நாற்பத்திரண்டு என்ற எண் நின்றது. வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்காம். நாலாவது நிமிஷம் மெஷின் படுத்துவிட்டது.

"கேபினட்டோட சும்மா குடுத்த பவர் சப்ளை அக்கா இது. பெறகு மாட்டுன கார்டுக்கு இது தாங்காது. மழை, கூட்டம்னு படம் கனமா வர்றப்ப கார்டு கரண்ட ஜாஸ்தி இழுக்கும். இது கைய விரிச்சிரும்."

"புதுசு போட்டா வேகம் கூடும்ல தம்பி?"

இந்த இடத்தில் வேறு கடைக்காரனாக இருந்தால் கூடும் என்று சொல்லி, இன்னும் நாலு சாமானைத் தலையில் கட்டியிருப்பான். மாரிச்செல்வம் பிழைக்கத் தெரியாதவன்.

"கூடாதுக்கா. எங்கப்பாவுக்கு மல்லாங்கிணத்துல தோட்டம் இருக்கு. லோ வோல்டேஜுல மோட்டாரு தட்டித் தட்டி நின்னுக்கிட்டே இருந்துச்சு. லைன மாத்துனோம். இப்ப நிக்கிறதில்ல. அதுக்காக கெணத்துல இல்லாத தண்ணி வந்துருமா? இருக்கிறத முழுசா எறைக்கும், அம்புட்டுத்தான். இதுவும் அப்படித்தேன்."

"நடுவுல நிக்காதுல்ல?"

"நிக்காது."

"அது போதும், போடுங்க" என்றாள். ஜாக்கெட்டுத் துணிகளுக்கு ஆரி வேலை செய்து சேர்த்த காசு கையோடு இருந்தது. புதியதை மாட்டி அதே சோதனையை அரைமணி நேரம் ஓட்டினான். மூலையில் அதே நாற்பத்திரண்டு. ஒன்றுகூட ஏறவில்லை, ஆனால் மெஷின் அசையவும் இல்லை. "வீட்ல ஒரு மணி நேரம் நல்லா ஓட்டிப் பாருங்கக்கா. நின்னா கூப்புடுங்க. இல்லாட்டி நானே கேக்குறேன்" என்று அவள் நம்பரை வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாமியார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். நாலு மணிக்கு லாரிகள் கிளம்பின. முஸாஃபர் அன்றைக்கு உற்சாகமாக இருந்தான். பிரியாணி நன்றாக இருந்ததாம், அரிசிதான் கொஞ்சம் வேகவில்லையாம். அஸ்மா சிரித்தாள். கண் மட்டும் பாலம் எப்போது வரும் என்று ரோட்டிலேயே இருந்தது.

பாலம் வந்தது. நம்ம ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத மழை திரையில் கொட்டித் தள்ளியது. அஸ்மா மேஜைக்குக் கீழே மெஷினைப் பார்த்தாள். நீல விளக்கு எரிந்தது. பாலத்தில் பாதி தூரம் போனாள். நிற்கவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பார்சல் குடுக்க வந்த தமீமு சொன்னாக. லீவு டிக்கெட்ட நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்தீகளாமே. ஏன் மச்சான்?"

முன்னால் போன லாரி வேகம் குறைந்து ஓரமாக நின்றது. இவளும் பின்னால் நிறுத்தினாள். ஹெட்போனில் அவன் ரூமின் ஏ.சி. இரைகிற சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ போனில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். யாரோ தட்டுக் கழுவினார்கள். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அஸ்மா" என்றான்.

"ம்."

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஏ.சி. இரைந்துகொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். மழையைத் துடைத்துத் துடைத்து வைப்பர் ஆடியது. பிறகு சட்டென்று எல்லாச் சத்தமும் அறுந்தது. முன்னால் நின்ற லாரி ரோட்டில் இல்லை. அவன் பெயரும் திரையில் இல்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஃபேனும் சுற்றியது. இரண்டு நிமிஷம் கழித்துப் போனில் மெசேஜ் வந்தது.

"இங்க கரண்டு போயிருச்சு. அப்புறம் பேசுறேன்."

அதை நாலு தடவை படித்தாள். இரண்டு ஜெனரேட்டர் நிற்கிற கேம்பு. மூன்று வருஷத்தில் ஒரு தடவை கூடக் கரண்டு போகாத கேம்பு. லேப்டாப்புக்கு பேட்டரி என்று ஒன்று இருப்பதையும் அவசரத்தில் மறந்துபோனான், பாவம். முதல் தடவை கேட்ட அன்றைக்கும் அவன் காதில் கேள்வி விழுந்துதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு இவள் மெஷின் நின்றது அவனுக்கு வசதியாகப் போயிற்று. இன்றைக்கு அது நிற்காததால் அவனே நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏன் வரவில்லை என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது. அங்கே இன்னொருத்தி இருக்கிறாளா, இல்லை இங்கே வர மனமில்லையா, இல்லை வெளியில் சொல்ல முடியாத ஏதாவது நோயா? என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கேட்டதும் ஓடி ஒளிகிற அளவுக்குப் பெரியது என்பது தெரிந்துவிட்டது. பழைய மெஷின் இருந்தவரை அவளுக்கு ஒரு சந்தேகமாவது மிச்சமிருந்தது. அதைத் தானே மூட்டை கட்டி டவுனுக்குத் தூக்கிப் போய், காசு கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். மாமியார் எழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. பாலத்தின் ஓரத்தில் அவள் லாரி மட்டும் சிமெண்டு லோடோடு நின்றது.

போன் அடித்தது. அவன்தானோ என்று பதறி எடுத்தாள். மாரிச்செல்வம்.

"அக்கா, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தீகளா? நடுவுல எங்கயும் நின்னுச்சா?"

அஸ்மா மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"இல்ல தம்பி" என்றாள். "ஒரு எடத்துலயும் நிக்கல."

"அப்ப சரியாயிருச்சுக்கா. இனி ஒண்ணும் கவலப்பட வேண்டியதில்ல."