தாய்மாமன் ஜோடி

என் புருஷன் ராஜ்மோகனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் நாலு வேலையாக்கிக் கொண்டு வருவார். மகள் இளவேனிலின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்க அனுப்பினேன். கடைக்காரன் தாய்மாமனுக்கு ஜோடியாகத்தான் இடம் வைத்திருப்பான். என் தம்பி முகிலனுக்கோ கல்யாணம் ஆகவில்லை. பாதி இடம் காலியாக இருந்தால் நன்றாயிருக்காது என்று, போட்டோவில் அவனோடு தோள் சாய்ந்து நின்ற அருள்மணியையும் சேர்த்தே போட்டுவிட்டார். அதுவும் இதய வடிவச் சட்டத்துக்குள், சுற்றிலும் ரோஜாப்பூ.

எங்கள் ஊர் கருக்களாச்சேரியே சிரித்தது. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

அருள்மணி தருமபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன். அவர்கள் வெறும் சிநேகிதர்கள் இல்லை என்று போன லீவில் முகிலனே என்னிடம் சொன்னான். திட்டினேன், அழுதேன், பிறகு இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். முகிலனுக்குப் பட்டாளத்தில் பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வருஷம் போனால் பென்ஷன். இது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாம், ஆனால் பட்டாளத்துக்குள் அது செல்லாதாம். தெரிந்தால் வேலை போய்விடும். ஊருக்கு ஒரு நியாயம், உடுப்புக்கு ஒரு நியாயம்!

பத்து மணிக்கு சுபேதார் சிவராமன் வருவதாக இருந்தது. விழிதியூர்க்காரர், முகிலனின் மேலதிகாரி, அவரும் லீவில் வந்திருந்தார். ஒன்பதரைக்கு மீன் வெட்டும் கத்தியோடு பந்தல் வாசலுக்குப் போனேன். முகிலன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“விடுக்கா. கிழிச்சாத்தான் நாலு பேரு ஏன்னு கேப்பாங்க.”

“அந்தாளு கேட்டா என்னடா சொல்லுவ?”

அவன் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சிவராமன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பைக்கை நிறுத்திவிட்டு பிளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“யாருப்பா இது, ஒங்கூட?”

சீர்த்தட்டோடு வந்த அருள்மணி அப்படியே நின்றுவிட்டான். முகிலன் விறைப்பாக நிமிர்ந்தான். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. சின்ன வயதிலிருந்தே உண்மையைச் சொல்லப் போகும்போது அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

“சார், அவரு வந்து...”

“எங்க சின்னத் தம்பி சார்!” என்று நான் நடுவில் புகுந்தேன். “சித்தி மவன். ரெண்டு பேருந்தான் தாய்மாமன், உள்ள வாங்க.”

சிவராமனின் முகம் தெளிந்தது. “அப்படியா? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டேன்.” போனை எடுத்து பிளெக்ஸைப் படம் பிடித்தார். “‘முகிலனும் அவன் தம்பியும்’னு நம்ம பட்டாளத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விட்டுர்றேன்.” போட்டும் விட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்று பிரியாணியே கிடைத்தது. சிவராமன் கிளம்பிய பிறகு இரண்டு பேரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

“சொல்லிடலாம்னுதான்க்கா நின்னேன்,” என்றான் முகிலன். “பன்னெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு.”

“வேலை போயிருக்கும்டா பாவி.”

“தெரியும்.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் வேலையைக் காப்பாற்றினேன் என்று நினைத்ததற்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அருள்மணி மட்டும் என்னைக் கோபிக்கவில்லை. என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேட்டான்:

“நாளைக்கே பட்டாளத்துல அந்தச் சட்டத்த மாத்தினாலும், அவங்களுக்கெல்லாம் நான் இவரு தம்பிதானேக்கா?”