திராட்சைக் கொடி ஜக்

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மனைவியிடம் தோற்க வேண்டும் போலிருந்தது. அவள் இருந்தவரை அந்த ஜக் விஷயத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில் இந்த ஆசை.

பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைத் தொடர்களில் வரும் டம்ளர், சர்க்கரைக் கிண்ணம், மேஜை விளக்கு எல்லாவற்றையும் இன்ன கம்பெனி, இன்ன அச்சு என்று கண்டுபிடிக்கிற பைத்தியம் இருவருக்கும். அதே பைத்தியம் பிடித்த இன்னும் சிலரோடு சேர்ந்து நூலகத்தில் ஒரு அலமாரி வைத்திருந்தார்கள். அதன் நடுத்தட்டில் திராட்சைக் கொடி போட்ட கண்ணாடி ஜக். ஒரு தொடரின் சமையலறையில் வருவது நம் வீட்டு ஜக்கேதான் என்று அவள் சாதித்து அங்கே வைத்தது. பக்கத்தில் ஒரு அட்டை, கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரோடு.

இப்போது அந்தக் கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் அது வேறு கம்பெனி ஜக் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆதாரம் இல்லையென்றால் ஜக்கும் அட்டையும் வெளியே. டாக்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் எடுத்துவிட்ட வாதம் முழுக்க இவரே ஒரு காலத்தில் அவர் காதில் ஓதியது.

நூலகத்திலிருந்து கேட்டு எடுத்துவந்த ஜக்கை டிவி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்தாசைக்கு மச்சினி வந்திருந்தாள், ரிமோட் அவள் கையில்.

"நிறுத்து," என்றார். படம் நின்றது. எழுந்து போய்த் திரையில் மூக்கு படுகிற மாதிரி நின்று இலைகளைப் பார்த்தார். "கொஞ்சம் பின்னால போ. நிறுத்து."

"அத்தான், அந்த ஆள் வாயைத் திறந்துக்கிட்டே நிக்கிறான். பாவமா இருக்கு."

"அவனை யாரு பார்க்கச் சொன்னா? கைப்பிடியைப் பாரு."

"எவ்வளவு நேரம் கைப்பிடியைப் பார்க்கிறது? அப்படி என்னதான் சொல்ல வந்தான்னு தெரிய வேணாமா? நீங்களும் அக்காவும் இந்த நாடகத்தை ஒரு தடவையாவது முழுசா பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. ஜக் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவார்கள், சண்டை போடுவார்கள், சாப்பிடப் போவார்கள். அதற்கப்புறம் கதையில் யார் என்ன ஆனார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

மச்சினி அவரைக் கேட்கவில்லை. படத்தை ஓடவிட்டாள். திரையில் வீட்டுக்காரன் திறந்த வாயால் ஏதோ பொய் சொன்னான், மனைவி முறைத்தாள், அவன் பின்வாங்கினான். முழங்கை இடித்து ஜக் தரையில் விழுந்தது.

உடையவில்லை. இரண்டு முறை துள்ளி, உருண்டு, நாற்காலிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நடிகன் அதைப் பார்க்காத மாதிரி வசனத்தைத் தொடர்ந்தான்.

"பிளாஸ்டிக்," என்றாள் மச்சினி.

அவர் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, திரையில் ஜக்கை இன்னொரு தடவை துள்ளவிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் சோபாவில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். எந்தக் கம்பெனிக் கண்ணாடி என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டவர்களுக்கு, அது கண்ணாடிதானா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கியதும் டாக்டருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"அப்போ நானும் தோத்தேனா?" என்றார் டாக்டர்.

"நாம எல்லாருமே. எங்க ஜக்கை நான் வீட்டிலேயே வெச்சுக்கறேன். அட்டையை மாத்தி எழுதுவோம், தொடர்ல வர்ற ஜக் பிளாஸ்டிக்னு."

"கண்டுபிடிச்சவர்னு யார் பேரைப் போடறது?"

"அவ பேரு அப்படியே இருக்கட்டும் டாக்டர். அவ அன்னிக்கு அடம் பிடிக்கலைன்னா நாம இன்னிக்கு இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்."

டாக்டர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

போனை வைத்ததும் மச்சினி கேட்டாள். "அக்கா இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"பிளாஸ்டிக்குன்னு எனக்கு அப்பவே தெரியும், நீங்கதான் பேசவிடலைன்னு சொல்லியிருப்பா," என்றார் அவர். "நானும் விட்டிருக்க மாட்டேன்."